நெல் ஆலையின் பழைய ஃபாக்ஸ்ப்ரோ கணக்கை எந்தக் கட்டமைப்புக்கு மாற்றலாம்?

பாமணிக்கரை எழுதியது:

மன்னார்குடிப் பக்கம் சித்தப்பாவின் அரவை ஆலையில் கணினி தொடர்பான வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நெல் கொள்முதல், எடைச்சீட்டு, விவசாயிகளின் பற்றுவரவு, அரிசி விற்பனை என எல்லாமே ஃபாக்ஸ்ப்ரோ என்ற டாஸ் காலத்துத் தரவுத்தள மொழியில் எழுதிய ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. ஆலையில் ஓர் எடைமேடை. நீடாமங்கலத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் கொள்முதல் களங்கள், அங்கும் எடைமேடை உண்டு. மூன்று இடங்களிலும் தனித்தனிக் கணினி. களங்களின் கோப்புகள் இரவில் பென் டிரைவில் ஆலைக்கு வரும், அங்கே சேர்ப்போம்.

இனியும் தள்ளிப்போட முடியாது. நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. பழைய விண்டோஸ் 7 கணினிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. போன சம்பாவின்போது ஒரு கணினியின் தாய்ப்பலகை போய், அதே போன்ற பழைய பலகையைத் தேடித் திருச்சி வரை அலைந்தோம்.

மூன்று பேரிடம் யோசனை கேட்டோம். ஒருவர் எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சேவை எழுதி, அவை ஏபிஐ என்ற நிரல் இணைப்பு வழியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று படம் வரைந்து காட்டினார். படத்தில் இருந்த பெட்டிகளின் எண்ணிக்கைக்கு எங்கள் ஆலையில் கணினியைத் தொடுகிற ஆட்களே இல்லை. மூன்றாமவர் ஆயத்த மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டு, உங்கள் வழக்கங்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். சித்தப்பாவின் நிபந்தனை ஒன்றுதான்: பிப்ரவரியில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது சீட்டு நிற்கக் கூடாது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

குடந்தை நிரலர் எழுதியது:

நான் கிளவுட் பக்கம். மூன்று இடத்தில் மூன்று தரவுத்தளம், நடுவில் பென் டிரைவ் என்பதுதான் உங்கள் சிக்கலின் வேர். ஒரே தரவுத்தளம், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் போதும், உரிமக் கட்டணமும் இல்லை. களத்தில் இருப்பவர் உலாவியைத் திறந்தால் வேலை ஆகிவிட வேண்டும். காப்பு நகல் தானாக எடுக்கப்படும், தாய்ப்பலகை போனால் கடையில் கிடைக்கும் எந்தக் கணினியையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்குக் கோப்பு சேர்ப்பதற்கென்று ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பழைய வட்டு எழுதியது:

தம்பி குடந்தை, திருத்துறைப்பூண்டிக் களத்தில் இணையம் இல்லாதபோது உலாவியில் என்ன தெரியும்?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அந்தப் பகுதியின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது, செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் கணினியைப் போட்டு யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க முடிந்ததென்றால், கணக்கு அந்தக் கணினிக்குள்ளேயே இருந்ததால்தான். புயலை விடுங்கள், பத்தாண்டுக்கு ஒரு முறை வருகிறது என்று சொல்வீர்கள். சாலை போடத் தோண்டுகிற பொக்லைன் ஃபைபரை அறுப்பது பத்தாண்டுக்கு ஒரு முறையா நடக்கிறது?

திருவாரூர் மாவட்டத்தில் இதே போன்ற மென்பொருள்களை நான் எழுதிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அவசரம் என்றால் டாஸ்பாக்ஸ் போன்ற, பழைய டாஸ் கணினியைப் போலச்செய்யும் மென்பொருளில் இப்போதைய நிரலைப் புதிய கணினியில் ஓட்டலாம். அச்சுப்பொறியை அதோடு இணைப்பது கொஞ்சம் தொல்லை. ஆனால் ஓராண்டு அவகாசம் கிடைக்கும். அவசரத்தில் கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குடந்தை நிரலர் எழுதியது:

ஐயா, இரண்டு நிறுவனங்களின் சிம் போட்ட ரவுட்டர் ஒன்றை வைத்தால் பெரும்பாலான நாள்கள் தப்பிக்கலாம். பழைய முறையும் அப்படியொன்றும் பத்திரமானது இல்லை. வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் ஃபாக்ஸ்ப்ரோவின் டிபிஎஃப் தரவுக் கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் திறந்தால், விண்டோஸ் தன் பங்குக்குக் கோப்பை உள்ளூரில் தேக்கிவைக்கப் பார்க்கும், பதிவுகளைத் தேட உதவும் இன்டெக்ஸ் சிதையும். அதைச் சரிசெய்யவே மாதம் ஒரு முறை ஆள் கூப்பிட்ட கடைகளைக் கும்பகோணத்தில் பார்த்திருக்கிறேன்.

கீழத்தஞ்சை எழுதியது:

பெட்டிகள் நிறைய இருப்பதைக் கேலி செய்ய வேண்டாம். நான் பெங்களூரில் மைக்ரோசர்வீஸ் முறையில்தான் வேலை செய்கிறேன். கொள்முதல் தனி, கணக்கு தனி, விற்பனை தனி என்று பிரித்துவிட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். நாளைக்கு இன்னும் பத்துக் களம் திறந்தால் என்ன செய்வீர்கள்?

குடந்தை நிரலர் எழுதியது:

பத்துக் களம் திறந்தாலும் ஒரு நாளைக்குச் சில ஆயிரம் சீட்டுதான். அதை ஒரு சாதாரண சர்வர் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். தனித்தனிக் குழுக்கள் தனித்தனி வேகத்தில் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு ஏற்பட்ட முறை அது. இங்கே குழுவே பாமணிக்கரை ஒருவர்தான். ஒரு கொள்முதலைப் பதியும்போது எடை ஒரு சேவையில் ஏறி, விவசாயியின் வரவு இன்னொரு சேவையில் ஏறாமல் நின்றுவிட்டால், அந்த வித்தியாசத்தை நள்ளிரவில் யார் தேடுவது? ஒரே தரவுத்தளத்தில் என்றால் இரண்டும் ஏறும், அல்லது இரண்டுமே ஏறாது.

பெரிய இடங்களே திரும்பி வந்த கதை உண்டு. அமேசான் பிரைம் வீடியோவில் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைச் சிதறிய சேவைகளிலிருந்து ஒற்றை நிரலாக மாற்றியபோது செலவு 90 சதவீதம் குறைந்ததாக அவர்களே 2023இல் எழுதினார்கள். அதை வைத்து எல்லா இடத்திலும் மைக்ரோசர்வீஸ் தவறு என்று சொல்ல வரவில்லை.

கீழத்தஞ்சை எழுதியது:

ஒற்றை நிரல் என்றால் மறுபடி இதே ஃபாக்ஸ்ப்ரோ நிலைமைதான். எதைத் தொட்டாலும் எது உடையும் என்று தெரியாது.

குடந்தை நிரலர் எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை நிரலுக்கு உள்ளேயே சுவர் எழுப்ப வேண்டும். கொள்முதல் பகுதியின் அட்டவணைகளைக் கணக்குப் பகுதி நேரடியாகத் தொடக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். சுவர் ஒழுங்காக இருந்தால் பின்னால் எந்தப் பகுதியையும் பெயர்த்துத் தனிச் சேவையாக்கலாம்.

பேரேடு எழுதியது:

தஞ்சாவூரில் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். நிரல் பற்றி எனக்குத் தெரியாது, கணக்கு பற்றிச் சொல்கிறேன்.

பேரேடு, ஐந்தொகை, ஜிஎஸ்டி படிவம் ஆகியவற்றை நீங்களே எழுத வேண்டாம், ஆயத்த மென்பொருளே போதும். அவை எல்லோருக்கும் பொது. சட்டம் மாறினால் அவர்களே மாற்றித் தருவார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பழைய வாட் வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தவர்கள் பட்டபாடு எனக்குத் தெரியும். 2022 ஜூலை 18 முதல் முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பங்களுக்கு 5 சதவீத வரி வந்தது, உடனே சந்தையில் 26 கிலோ சிப்பம் தலைகாட்டியது. இதையெல்லாம் நிரலில் எழுதி மாளாது. விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்த எடை வரை என்று அட்டவணையில் இருக்க வேண்டும்.

ஆனால் கொள்முதல் அப்படி இல்லை. உங்கள் ஆலையில் கருக்காய்க்கு (பதருக்கு) எவ்வளவு கழிக்கிறீர்கள், முன்பணம் வாங்கியவருக்கு எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பது உங்களுக்கே உரிய வழக்கம். அதை ஆயத்த மென்பொருளுக்குள் திணித்தால் கணக்கப்பிள்ளை பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்குவார். அப்புறம் அந்த நோட்டுதான் உண்மையான கணக்கு.

பாமணிக்கரை எழுதியது:

பேரேடு ஐயா, எங்கள் கணக்கப்பிள்ளையிடம் அந்த நோட்டு ஏற்கெனவே இருக்கிறது!

எல்லோருக்கும் விளங்குவதற்காக எடைமேடையில் நடப்பதைச் சொல்கிறேன். டிராக்டர் டிரெய்லரோடு மேடையில் ஏறுகிறது. எடை தெரியும் காட்டியில் எண் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, பதிவு செய்கிறவர் பொத்தானை அழுத்துகிறார், எடை சீரியல் கம்பி வழியே கணினிக்கு வருகிறது. பையன் ஒருவன் நடுமூட்டையிலிருந்து கைப்பிடி நெல்லை உருவி ஈரப்பதக் கருவியில் போடுகிறான். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஓட்டுநரும் கூட வந்த விவசாயியும் இன்னொரு மூட்டையில் எடுக்கச் சொல்வார்கள். மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுவது எங்கள் வழக்கம். அதற்குள் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். நெல் இறங்கியதும் வெற்று வண்டி திரும்பவும் ஏறுகிறது, நிகர எடை வருகிறது. எங்கள் மேடை 5 கிலோ படிகளில் காட்டும். ஈரத்துக்கும் கருக்காய்க்கும் கழித்தபின் வரும் பின்னத்தை ஃபாக்ஸ்ப்ரோ நிரல் விவசாயிக்குச் சாதகமாகவே அரைக் கிலோவுக்கு முழுமையாக்குகிறது. இது எங்கேயும் எழுதப்படவில்லை, நிரலில் ஒரே ஒரு வரியாக இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் மூன்று நகல் அடிக்கிறது: விவசாயிக்கு வெள்ளை, வண்டிக்கு மஞ்சள், எங்களுக்கு ரோஸ்.

முதல் எடைக்கும் இரண்டாம் எடைக்கும் இடையில் அரைமணி நேரம் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் மின்சாரம் போய் வந்தால் பாதியில் நிற்கும் சீட்டுகள் அப்படியே இருக்க வேண்டும்.

பழைய வட்டு எழுதியது:

அந்த ஒரு வரியைச் சொன்னீர்களே தம்பி, அதுதான் விஷயம். கட்டமைப்பு பற்றி ஊர் கூடிப் பேசுகிறோம், தரவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஃபாக்ஸ்ப்ரோவில் அழித்த பதிவு கோப்பை விட்டுப் போகாது. அழிந்தது என்ற குறி மட்டும் விழும், பேக் கட்டளை கொடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். இறக்குமதி செய்கிற கருவிகளில் சில அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. ரத்தான சீட்டுகளெல்லாம் புதிய தரவுத்தளத்தில் உயிரோடு எழுந்து வரும், விவசாயிகளின் வரவு கூடிப்போகும். முதலில் இதைச் சோதியுங்கள்.

அடுத்தது அளவுகள். நிலப்பரப்பு என்ற கட்டத்தில் சிலர் ஏக்கரில் எழுதியிருப்பார்கள், சிலர் மாவில். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். கட்டத்தில் வெறும் 6 என்று இருந்தால் ஆறு ஏக்கரா இரண்டு ஏக்கரா? மூட்டையும் அப்படித்தான். அரசு கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ, தனியார் வியாபாரத்தில் 60 கிலோ மூட்டை பேசுகிறோம். ஆண்டு என்ற கட்டத்தில் 1434 இருந்தால் பயப்படாதீர்கள், அது பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு: 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை.

நெல் ரகக் குறியீட்டையும் பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டு இலக்கம்தான் ஒதுக்குவோம். சிஆர் 1009க்குக் கொடுத்த எண்ணையே பின்னால் வந்த சிஆர் 1009 சப் 1க்கும் போட்டிருப்பார்கள். ஏடிடி 43 பழைய ரகம் என்று ஒதுக்கிவிட்டு அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

தமிழ்ப் பெயர்கள் எந்தக் குறிமுறையில் இருக்கின்றன? யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு என்றால் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் தனி எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் அது பின்னால் வர வேண்டும். ‘கொ’ என்பது அங்கே மூன்று துண்டு. எழுத்துக்கு எழுத்து என்று அட்டவணை போட்டு மாற்றினால் பெயரெல்லாம் நொண்டும். கோவிந்தராசுவும் கோவிந்தராஜும் ஒரே ஆளா, அப்பனும் மகனுமா என்பதைக் கணக்கப்பிள்ளைதான் சொல்ல முடியும், எந்த நிரலும் சொல்லாது.

திருப்பூண்டி வியாபாரி எழுதியது:

எனக்கு உரக்கடை. ஆயத்த மென்பொருள் வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான்கு வருடம் நன்றாக ஓடியது. விற்றவர் தொழிலை விட்டுப் போனபின் என் சொந்தக் கணக்கை வெளியே எடுக்க வழி இல்லை. கோப்பு பூட்டிக் கிடக்கிறது, சாவி அவரோடு போய்விட்டது. எதை வாங்கினாலும், எல்லாத் தரவையும் எந்த நிரலிலும் திறக்கிற சாதாரண சிஎஸ்வி கோப்பாக நாமே எந்த நேரமும் எடுக்க முடியுமா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டாதவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

குடந்தை நிரலர் எழுதியது:

பாமணிக்கரை எடைமேடையைப் பற்றி எழுதியதைப் படித்தபின் என் யோசனையை மாற்றிச் சொல்கிறேன். சீட்டு போடுவது களத்துக்குள்ளேயே முடிய வேண்டும். ஒவ்வொரு களத்திலும் ஒரு சிறிய கணினி, அதில் உள்ளூர் தரவுத்தளம், யூபிஎஸ். இணையம் இருக்கிறதா இல்லையா என்று எடைமேடை கேட்கவே கூடாது. முடிந்த சீட்டுகள் வரிசையில் நின்று, இணைப்பு கிடைக்கும்போது ஆலையின் மையத் தரவுத்தளத்துக்குப் போகட்டும். விலை, ரகம், விவசாயி விவரம் ஆகியவை மையத்திலிருந்து களத்துக்கு வரட்டும்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முடிந்த சீட்டை யாரும் திருத்தக் கூடாது, தவறு என்றால் அதை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு ஒன்றும் புதிய சீட்டு ஒன்றும் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு இடத்தில் ஒரே பதிவு இரண்டு விதமாக மாறும் தலைவலி வராது. இரண்டாவது, எண். மூன்று இடமும் ஒரே வரிசையில் எண் கொடுக்க முயன்றால் இணைப்பு அறுந்ததும் மோதும். இடத்துக்கு ஒரு முன்னெழுத்தும் தனி வரிசையும் கொடுங்கள்.

பேரேடு எழுதியது:

வரி விலைச்சீட்டுக்கும் அதுவே செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட எண்வரிசை வைத்துக்கொள்ள ஜிஎஸ்டி விதி அனுமதிக்கிறது. எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. முன்னெழுத்தைச் சுருக்கமாக வையுங்கள்.

கீழத்தஞ்சை எழுதியது:

நான் சொன்னதும் சிதறிய அமைப்பு, நீங்கள் இப்போது சொல்வதும் சிதறிய அமைப்புதானே?

குடந்தை நிரலர் எழுதியது:

ஆமாம். ஊர் பிரிந்திருக்கிற இடத்தில் பிரிகிறது. வேலை பிரிந்திருக்கிற இடத்தில் பிரிக்கவில்லை.

கீழத்தஞ்சை எழுதியது:

சரி, அதை ஏற்கிறேன். ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டினால் இரட்டை வேலை, ஆட்கள் பழையதையே பிடித்துத் தொங்குவார்கள்.

பழைய வட்டு எழுதியது:

ஒரே நாளில் மாற்றுவதற்குத் துணிச்சலைத் தவிர இன்னும் நிறைய வேண்டும் தம்பி. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மொத்தக் கணக்கையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. அவர்களிடம் ஆள் இல்லையா, பணம் இல்லையா?

பனையைப் பற்றி வளரும் ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். பனை நின்றபடியே இருக்கும், ஆல் சுற்றிலும் விழுது இறக்கித் தன் காலில் நிற்கத் தொடங்கியபின்தான் பனை போகும். பழைய அமைப்பை மாற்ற இப்படியொரு முறையை மென்பொருள் பற்றி எழுதுகிற மார்ட்டின் ஃபௌலர் 2004இல் ஆஸ்திரேலியக் காட்டு அத்தியைப் பார்த்து எழுதினார். ஒரு பகுதியைப் புதியதாகக் கட்டு, அந்த வேலையை மட்டும் அதற்குத் திருப்பிவிடு, அது நிலைத்தபின் அடுத்ததற்குப் போ.

பேரேடு எழுதியது:

எந்தப் பகுதியை எப்போது என்பதில் கவனம். ஏப்ரல் 1 அன்று எல்லாவற்றையும் மாற்றலாம் என்று ஆசை வரும், ஏனென்றால் நிதியாண்டு தொடக்கம். ஆனால் சம்பா, தாளடி நெல் வந்து குவிந்து களம் ஓய்வதற்குள் மார்ச் போய்விடும். அந்த நேரத்தில் எடைமேடையில் கை வைத்தால் சித்தப்பா என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை. கணக்குப் பகுதியை ஏப்ரல் 1இல் மாற்றுங்கள். எடைச்சீட்டைக் குறுவையில் மாற்றுங்கள், வரத்து சம்பா அளவுக்கு இருக்காது.

பழைய வட்டு எழுதியது:

குறுவை அறுவடையில் மழை வரும் ஐயா. ஈரப்பதத் தகராறு அப்போதுதான் அதிகம்.

பேரேடு எழுதியது:

அதனால்தான் குறுவை. தகராறு வராத நாளில் சோதித்து என்ன பயன்?

பாமணிக்கரை எழுதியது:

சித்தப்பாவிடமும் கணக்கப்பிள்ளையிடமும் உட்கார்ந்து பேசிவிட்டேன். பேரேட்டுக்கும் வரிக்கும் ஆயத்த மென்பொருள், திருப்பூண்டியார் சொன்ன சோதனையைச் செய்து காட்டுகிறவரிடம் வாங்குவோம். கொள்முதலும் விவசாயி பற்றுவரவும் சுவர் வைத்த ஒற்றை நிரல், மையத்தில் போஸ்ட்கிரெஸ். சர்வர் ஆலையிலேயே இருக்கும், தினமும் ஒரு காப்பு நகல் கிளவுடுக்குப் போகும். முதலில் நீடாமங்கலம் களம் மட்டும், குறுவையில். அந்தப் பருவம் முழுவதும் பழைய நிரலிலும் அதே சீட்டுகளை ஏற்றி, இரவில் இரண்டின் நிகர எடையையும் தொகையையும் ஒப்பிடுவோம். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் அடுத்த களத்துக்குப் போவதில்லை.

அரைக் கிலோ வரியைப் பற்றிக் கேட்டேன். அது தாத்தா போட்ட வழக்கமாம். அப்படியே இருக்கட்டும் என்றார் சித்தப்பா. எழுதி வைத்துவிட்டேன்.

தரவைத் துடைக்கும் வேலை இந்த வாரமே தொடங்குகிறது. கணக்கப்பிள்ளை தன் நோட்டைத் தருவதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: புதிய திரையிலும் எண் விசைகளிலேயே எல்லா வேலையும் முடிய வேண்டும், மவுஸைத் தொட மாட்டாராம். நியாயமாகத்தான் படுகிறது. அவர் சீட்டு அடிக்கும் வேகத்துக்கு எந்த உலாவியும் ஈடு கொடுக்காது.

குடந்தை நிரலர் எழுதியது:

விசைப்பலகை நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இன்னொன்று, புதிய கணினிகளில் சீரியல் துளை இருக்காது. யூஎஸ்பி மாற்றி வாங்கும்போது மலிவானதைத் தவிருங்கள். உங்கள் காட்டி என்ன வேகத்தில் அனுப்புகிறது?

பாமணிக்கரை எழுதியது:

2400 பாட், 7 பிட், இரட்டைப்படைச் சமன் (ஈவன் பாரிட்டி). திருத்துறைப்பூண்டிக் காட்டி மட்டும் 8 பிட், சமன் இல்லை. பழைய நிரலில் களத்துக்கு ஏற்ற அமைப்பு தனிக் கோப்பில் இருக்கிறது.

பழைய வட்டு எழுதியது:

அந்தக் கோப்பை இன்றே நகல் எடுத்து வையுங்கள் தம்பி. காட்டியின் கையேடு கிடைத்தால் அதையும் படம் பிடித்துப் போடுங்கள், எண் ஆடும்போது அனுப்புகிற குறியும் நின்றபின் அனுப்புகிற குறியும் வேறு வேறாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.